பிரஸ் ஷாப்பில் தொலைந்த காதுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்புகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை அவர்கள் பேசும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். டீக்கடையில் ரகசியம் சொன்னாலும் எதிர்ச் சாரி வரைக்கும் கேட்கும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்த நேரத்தில் இவர்கள் குரல் மட்டும் தனியாக மேலே நிற்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி தொடையில் தட்டி அடக்குவார். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. கூடவே, காது போய்விட்டது என்பதற்கும் அதுதான் அடையாளம்.

என் அண்ணன் அப்படிப்பட்டவர். பவர் பிரஸ் ஆபரேட்டர். நான் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு டூல் ரூமுக்குப் போனேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஹெல்பராகச் சேர்ந்து ஆபரேட்டர் ஆனவர். நான் செய்த டையை, அதாவது தகட்டை வெட்டும் அச்சை, அவர் மிஷினில் ஏற்றி அடித்த காலமும் உண்டு. இன்று அவருக்கு அல்சைமர். என் பெயர் சில நாள் அவருக்கு வரும், சில நாள் வராது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தொழிற்சாலைகளில் உழைத்து இப்போது வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு முழுத் தலைமுறையின் காதுகளை அரசு உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். இதைக் கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மறதி நோய்க்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டவன்தான். அண்ணனுக்கு நோய் என்று தெரிந்த பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன், மகளை விட்டுப் படித்துச் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் இந்த இணைப்பு எனக்குத் தெரிய வந்தது.

மருத்துவ இதழான லான்செட் அமைத்த ஒரு நிபுணர் குழு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் கில் லிவிங்ஸ்டன் தலைமையில், டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுத்து அறிக்கை தருகிறது. 2024 அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. இந்தப் பதினான்கையும் முழுதாகச் சரிசெய்ய முடிந்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பி.பி., சுகர், புகை, குடி, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, காற்று மாசு, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதில் அதிகப் பங்கு இரண்டுக்கு. ஒன்று நடுவயதில் கூடும் கெட்ட கொழுப்பு, மற்றொன்று காது கேளாமை. இரண்டுக்கும் தலா 7 சதவீதம். அடுத்ததாக, சிறுவயதில் படிப்பு கிடைக்காததற்கு 5 சதவீதம்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு எஸ்டேட்டின் சவுத் பேஸ் தெருக்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

1960களில் தொடங்கிய எஸ்டேட் இது. பக்கத்தில் பாடியில் பெரிய பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனிகள், இந்தப் பக்கம் டி.ஐ. சைக்கிள், டன்லப். ஆவடியில் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றுக்கெல்லாம் வாஷரும் பிராக்கெட்டும் கிளாம்பும் அடித்துக்கொடுத்தவை எஸ்டேட்டின் சின்னச் சின்ன ஷெட்டுகள். ஒரு ஷெட்டுக்குள் ஏழெட்டுப் பவர் பிரஸ், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தகட்டை டை வெட்டும் ஒவ்வொரு அடியும் கூரையில் மோதித் திரும்பி வரும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்லின. பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் அதைத் தாண்டுவது வெகு சாதாரணம். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். எட்டு மணி நேரத்தோடு எவன் வீட்டுக்குப் போனான்? ஓ.டி. இருந்தால்தான் வீட்டு வாடகை. காதுக்குப் பாதுகாப்பு என்றால் பனியன் வேஸ்டில் இருந்து கிழித்த பஞ்சு. அதையும் போர்மேன் கூப்பிடுவது கேட்காது என்று எடுத்துவிடுவார்கள்.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒலியை நரம்புக்குச் சேதியாக மாற்றும் மயிர்ச் செல்கள் அதில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 15,000 இருக்கும். செத்துப்போனால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் தாக்குவது உயர்ந்த சுருதிகளை, அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பவற்றை. அதனால் இந்த நோய் ஆரம்பத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. லாரி ஹாரன் கேட்கும், ஆண்களின் கட்டைக் குரல் கேட்கும். பேத்தியின் குரல் கேட்காது. உயிரெழுத்துகள் காதில் விழும். ச, த, க போன்ற மெய்கள் உதிர்ந்துபோகும். ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல’ என்று எஸ்டேட்காரர்கள் சொல்வது மருத்துவப் புத்தகத்தில் இருப்பதைவிடத் துல்லியமான வர்ணனை.

பிறகு என்ன ஆகும் என்பதை நான் அண்ணனிடம் பார்த்திருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர், பின்வரிசைக்குப் போனார். பிறகு போவதையே நிறுத்தினார். விசேஷங்களுக்கு மொய் மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார். வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவதில் அண்ணியோடு சண்டை. கடைசியில் வாசல் திண்ணையில் தனியாக உட்கார்ந்துகொள்வது வழக்கமாயிற்று. இவை எல்லாம் மறதி எட்டிப்பார்ப்பதற்கு வெகு காலம் முன்பு.

இந்தத் தனிமையே மூளைக்குக் கேடு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பேச்சும் சிரிப்பும் வாக்குவாதமும் மூளைக்கு அன்றாடத் தீனி. கேட்பவர் பாதி வார்த்தைகளை ஊகித்தே நிரப்ப வேண்டியிருந்தால், கேட்டதை நினைவில் வைக்கச் செலவாக வேண்டிய சக்தி ஊகிப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது இன்னொரு விளக்கம். ஒலி வராத மூளைப் பகுதிகள் வேகமாகச் சுருங்குவதை ஸ்கேன்களிலும் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தே நடக்கலாம்.

அண்ணனுக்கு வந்த டிமென்ஷியா வகையான அல்சைமர், மூளைக்குள் இரண்டு புரதங்கள் தவறான இடத்தில் சேர்வதோடு பிணைந்த நோய். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு திட்டுகளாகப் படிகிறது, உள்ளே டௌ முறுக்கிக்கொள்கிறது. அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், பிராங்க்பர்ட் மருத்துவமனையில் தான் கவனித்த ஒரு பெண் 1906இல் இறந்த பிறகு அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து முதலில் விவரித்தவை இவைதான். அமிலாய்டு படியத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே என்று இப்போது தெரிந்திருக்கிறது. எழுபது வயதில் மறதி என்று வருபவரின் மூளையில் அது ஐம்பதிலேயே தொடங்கியிருக்கலாம். அந்த ஐம்பதாவது வயதில் அவர் இன்னும் பிரஸ் ஷாப்பில் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அண்ணனை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். இளம் டாக்டர், நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். மூன்று வார்த்தைகள் சொல்வேன், திருப்பிச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன் என்றார். மாம்பழம், நாற்காலி, காசு. முகத்தில் மாஸ்க், பின்னால் பேன் சத்தம். அண்ணன் உரக்கத் திருப்பிச் சொன்னார்: ‘மாம்பழம், நாக்காலி, காத்து.’ டாக்டர் சிரித்துக்கொண்டே மேலே போனார். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, படம் வரைவது எல்லாம் முடிந்து அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டபோது அண்ணன் ரொம்ப நேரம் யோசித்து ஒன்று சொன்னார்: ‘காத்து.’ அதற்கு மதிப்பெண் இல்லை.

அவருக்கு நோய் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனும் அவர் நாளுக்கு நாள் நடந்துகொள்வதும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் தான் கேட்ட மூன்றில் ஒன்றை அவர் நினைவில் வைத்திருந்தார். அந்தத் தாளில் அது பதிவாகவில்லை. காது சோதனை செய்யாமல் ஞாபகச் சோதனை செய்தால் இப்படி எத்தனை பேருக்கு நடக்கும்? நோயே இல்லாமல் காது மட்டும் போனவருக்கும் அதே மதிப்பெண் விழாதா?

நான் டூல் ரூமில் வேலை பார்த்தவன். எங்களுக்கு அளவு பார்க்கும் கேஜ்தான் கடவுள். இந்த பீஸுக்குச் செய்த கேஜை அந்த பீஸுக்கு வைத்துப் பார்த்தால் நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆகும், கெட்ட பீஸ் பாஸ் ஆகும். ஞாபகச் சோதனைகளிலும் அதுதான் நடந்திருக்கிறது என்பதை நம் வேலூர் ஆய்வில் படித்தேன்.

1998இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ‘10/66’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். அப்போது டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தார்கள். மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அந்த இரண்டு எண்களே குழுவின் பெயர். தமிழ்நாட்டில் சென்னையிலும், வேலூர் சி.எம்.சி. மூலம் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலை வைத்தபோது வேலூர்க் கிராமங்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம், ஆயிரத்துக்கு மூன்று பேர். படிப்பில்லாதவர்களையும் மனதில் வைத்துக் குழுவே உருவாக்கிய முறையை வைத்தபோது அது பல மடங்கு உயர்ந்தது. ஊரும் அதேதான், ஆட்களும் அவர்களேதான்.

ஏன் இந்த வித்தியாசம்? அந்த அமெரிக்க அளவுகோல்படி மறதி ஒருவரின் அன்றாடக் காரியங்களைக் கெடுத்திருக்க வேண்டும். ‘உங்க அப்பாவுக்குக் காரியம் பார்க்கக் கஷ்டமா இருக்கா?’ என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன பதில் வரும்? ‘அவருக்கு என்ன காரியம்? நாங்க எல்லாம் பார்த்துக்கிறோம்.’ மருமகள் சோறு போடுகிறாள், மகன் பென்ஷன் வாங்கி வருகிறான், பேரன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். தாங்கிப்பிடிக்கும் கைகள் இருப்பதாலேயே நோய் கணக்கில் விழாமல் போகிறது. நம் குடும்பத்தின் நல்ல குணம்தான் இங்கே நோயை மறைக்கிறது.

நாடு முழுக்கப் பார்த்த அண்மைக் கணக்கு 2023இல் வெளியானது. அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். பெண்களின் கணக்கு இவ்வளவு கூடியதற்குப் படிப்பு மறுக்கப்பட்டதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் கவலை. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்கும் மாநிலம் நம்முடையது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்திய மொழிகளுக்கென்று அறிவாற்றல் சோதனைத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை. இதைப் பற்றி நம் சட்டமன்றத்தில் ஒரு குரல் எழுந்திருக்க வேண்டாமா?

மருந்துக்கு வருகிறேன். யாரிடம் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ‘புது ஊசி வந்துடுச்சாமே?’ வந்திருக்கிறது. லெகனமாப் என்ற மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில், மருந்து பெற்றவர்களுக்கு நோய் முற்றுவது 27 சதவீதம் மெதுவானது. முப்பது ஆண்டுகள் தோல்விக்கு மேல் தோல்வி கண்ட துறையில் இது பெரிய காரியம், அந்த விஞ்ஞானிகளை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் வைத்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். 18 புள்ளி அளவுகோலில் அது தந்த வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் கொஞ்சம் குறைவு. குடும்பத்தாருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்று மருத்துவர்களே இன்னும் வாதாடுகிறார்கள். கள்ளிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆபரேட்டருக்கு இந்தச் செய்தியை வைத்து நான் என்ன நம்பிக்கை கொடுக்க முடியும்?

காது மிஷின் கொடுத்தால் மட்டும் நின்றுவிடுமா என்று திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராங்க் லின் தலைமையில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காது மிஷினும் அதைப் பழக்கிக்கொடுக்கும் பயிற்சியும், மறு பாதிக்குப் பொதுவான உடல்நல வகுப்பு. மூன்றாண்டு முடிவில் மொத்தக் கூட்டத்தில் வித்தியாசம் இல்லை. மறைக்காமல் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில், வயது கூடியவர்கள், இதய நோய்க் காரணிகள் உள்ளவர்கள், படிப்பும் வருமானமும் குறைந்தவர்கள் இருந்த பிரிவில், அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. இந்த முடிவு 2023இல் லான்செட்டில் வந்தது. ஆபத்து அதிகம் உள்ள அந்தப் பிரிவின் விவரத்தைப் படியுங்கள். பி.பி., சுகர், குறைந்த படிப்பு, குறைந்த சம்பளம். அது எங்கள் எஸ்டேட்டின் வருகைப் பதிவேடு.

அண்ணனுக்கும் மிஷின் வாங்கினோம். போட்டுவிட்டால் சிறிது நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காதுக்குள் ஒரு புதுப் பொருள் இருப்பதை, அதில் வரும் குரல் அண்ணியுடையது என்பதை, தினமும் முதலில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது அவருக்கு. கற்கும் சக்தியைத்தானே இந்த நோய் முதலில் பறிக்கிறது? பழைய கைப்பழக்கம் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டை எதிரே வைத்தால் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் தொடுகிறார். பிரஸ்ஸின் ராம் கீழே இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்ற பாடம் அது. பழகிய கைவேலை நினைவுக்கு மூளையில் வேறு இடம், அது வெகு காலம் தாங்கும். புதிதாகக் கேட்டதைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ்தான் முதலில் விழுகிறது. எனவே காது மிஷினை எழுபதில் கொடுப்பது வேறு, ஐம்பத்தைந்தில் கொடுப்பது வேறு. லான்செட் குழுவும் காது கேளாமையை நடுவயதுக் காரணமாகத்தான் வைத்திருக்கிறது.

ஐம்பத்தைந்தில் இதை யார் செய்ய வேண்டும்? இரைச்சலால் வரும் காது கேளாமை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தகவல் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகவே இடம்பெற்றது. நஷ்டஈட்டுச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. என் சர்வீஸில் எங்கள் தெருவில் ஒரு பிரஸ் ஆபரேட்டர்கூட இதற்காக நஷ்டஈடு வாங்கிப் பார்த்ததில்லை. விரல் போனால் ரத்தம் வரும், எல்லோரும் ஓடிவருவார்கள். காது போனால் யாருக்கும் தெரியாது, போனவனுக்கே தெரியாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இவர்கள் எட்டுவதில்லை. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கு. இரைச்சல் தின்றது உயர்சுருதியை. பேச்சு ஒலிகளின் சராசரியில் 45, 50 என்று நின்றுவிடும். பேத்தி பேசுவது புரியாத ஒருவர் சட்டத்தின் கண்ணில் காது கேட்பவர். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017இல் வந்தது, அதில் காது மிஷினும் உண்டு. முகாம் போட்டால் வாங்கலாம். ஆனால் அது அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

இ.எஸ்.ஐ.யில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டாவது இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்த வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் தன் துணைக்கும் மருத்துவம் பெறலாம். எஸ்டேட் பக்கத்து டிஸ்பென்சரிகளில் இதற்கு ஒரு பலகையாவது வைக்கட்டும். அந்த 120 ரூபாய்க்கு முதலில் செய்ய வேண்டியது காதுச் சோதனை என்று எழுதி வைக்கட்டும். பெரிய கம்பெனியிலும் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் நிரந்தரமாக இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு மருத்துவ வசதி உண்டு. சின்ன ஷெட்டில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கியவர்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. அவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

தேடிப்போகும் கால்கள் நம்மிடம் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதும் வாங்கியது. அண்ணிக்கு பி.பி. மாத்திரை அப்படித்தான் வருகிறது. வரும் பெண்ணுக்கு அண்ணியின் பேத்திகள் பெயர் தெரியும், எந்த வீட்டில் யார் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். எந்த ஆராய்ச்சியாளருக்கும் கிடைக்காத தகவல் அது. அந்தப் பெண்ணிடம் போனிலேயே செய்யக்கூடிய ஓர் ஆரம்பக் காதுச் சோதனையைக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் அப்படி ஒன்றை 2019இல் வெளியிட்டது, தமிழுக்கு ஏற்றபடி நம் கிண்டி பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் செய்துதர மாட்டார்களா? அதோடு தமிழில் நாலைந்து கேள்வி. நோயாளியிடம் கேட்பதைவிட வீட்டாரிடம் கேளுங்கள்: போன வருஷம் தானே செய்த எதை இப்போது செய்வதில்லை? ரேஷன் கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறாரா? சந்தேகம் வந்தால் ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பட்டும். வாரத்தில் ஒரு நாள் அங்கே ஆடியோமீட்டரும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்கட்டும். கூடுதல் வேலைக்கு அந்தப் பெண்களுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே அவர்கள் நடக்கும் நடைக்கு அவர்கள் வாங்குவது போதாது.

ஆராய்ச்சி நடக்காத ஊர் இல்லை சென்னை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் இருந்து மனித மூளையைச் சீவல் சீவலாகப் படம் எடுக்கிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறந்தது. எங்கள் பாடிக்குப் பக்கத்திலேயே, அண்ணா நகர் மேற்கு விரிவில், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. குழுவாக உட்கார்த்திப் பேசவைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இங்கிலாந்தில் உருவானது, ஏழு வாரத்தில் 14 அமர்வு. அதை அவர்கள் தமிழ் முதியோருக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்திருக்கிறார்கள். இது மருந்தில்லாத சிகிச்சை, மலிவானது. ஆனால் காது கேட்காதவரை வட்டமாக உட்கார்த்திப் பேசவைத்து என்ன பயன்? அங்கேயும் முதலில் காது.

பெங்களூரின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டக் கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. வயல்காட்டில் உழைத்தவர்களின் மூளை எப்படி மூப்படைகிறது என்று அதில் தெரியவரும். தொழிற்சாலையில் உழைத்தவர்களின் மூளைக்கு அப்படி ஓர் ஆய்வு வேண்டும். பட்டரவாக்கம் முதல் பட்டாபிராம் வரை ரயில் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஐம்பது வயதுத் தொழிலாளர்களும் எழுபது வயது ஓய்வுக்காரர்களும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள். யார் எந்த மிஷினில் எத்தனை வருஷம் நின்றார் என்று அவர்களே சொல்வார்கள். ஸ்கார்பும் சென்னை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தால் இதைத் தொடங்க முடியும்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. பிரஸ் ஷாப் முதலாளி, போர்மேன், யூனியன் என்று யாரிடமும் அவருக்குக் கணக்கு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணன் எழுந்து ‘பர்ஸ்ட் ஷிப்ட்’ என்று சட்டை தேடும்போது அவரும் எழுந்திருக்கிறார். சண்டை போடுவதில்லை. ‘இன்னைக்கு கரண்ட் கட்டாம், மெதுவா போலாம்’ என்று காதருகே சொல்லிப் படுக்க வைக்கிறார். ‘தம்பி, காதுகிட்ட போய்ச் சொன்னா அவருக்குப் புரியுது, தூரத்துல இருந்து சொன்னாத்தான் கோவம் வருது’ என்பார் என்னிடம். மருத்துவமனையில் யாரும் சொல்லித்தராததை அவரே கண்டுபிடித்தார். பெண்களில் நூற்றுக்கு ஒன்பது என்ற அந்தக் கணக்கை நினைத்தால், அவரை எண்ணித்தான் எனக்குப் பயம் வருகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால் யார் எழுந்திருப்பார்கள்? பராமரிப்பவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு தரும் பகல் காப்பகம் அம்பத்தூர் மண்டலத்தில் ஒன்று, ஆவடி மாநகராட்சியில் ஒன்று வேண்டும். கேரள அரசு டிமென்ஷியாவுக்கென்று திட்டம் தொடங்கியது 2014இல். நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை.

எஸ்டேட்டில் பல ஷெட்டுகள் இடிந்து கண்ணாடி மாடிகள் எழுந்துவிட்டன. ஆனால் பிரஸ் ஷாப் தீர்ந்துபோகவில்லை. திருமுல்லைவாயல் பக்கமும் திருமழிசைப் பக்கமும் போய்ப் பாருங்கள். பவர் பிரஸ்ஸில் இன்று நிற்கிறவர்களில் பலர் ஒடிசா, பீகாரில் இருந்து வந்த பிள்ளைகள், இருபது இருபத்திரண்டு வயது. காதுக்கு மப் வாங்கி வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆணியில் தொங்கவிட்டிருக்கும் கம்பெனிகளும் உண்டு. வேலையில் சேரும் நாளில் இவர்கள் காதுக்கு ஓர் ஆடியோகிராம், பிறகு ஆண்டுக்கு ஒன்று, வேலை மாறினால் அந்தத் தாள் அவர்கள் கையில். அப்போதுதான் இழப்பு எந்த ஷெட்டில் நடந்தது என்று சொல்ல முடியும். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை இதைக் கட்டாயமாக்கி, ஆண்டுதோறும் எத்தனை காது கேளாமை பதிவானது என்று வட்டார வாரியாக வெளியிட வேண்டும். ஐமா என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் ஓர் அறை கொடுக்கட்டும், இ.எஸ்.ஐ. ஓர் ஆடியோமீட்டர் கொடுக்கட்டும். இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் போதும், ஷிப்ட் மாறும் நேரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வயதானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இடம் பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் தெருக்காரர்களை நான் அழைத்துவருகிறேன்.